காந்தமும் எவர்சில்வர்க் கிண்ணமும்

அம்பத்தூரில் தகட்டைப் பிரஸ்ஸில் அழுத்தி உருக்கொடுக்கும் பட்டறைகள் பல உண்டு. அத்தகைய பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகன் என் வகுப்பில் படித்தான். நல்ல எவர்சில்வரைக் காந்தம் கவராது என்று நான் பாடம் சொன்ன மறுநாளே, ஆழமான கிண்ணமொன்றைக் கொண்டுவந்து, "ஐயா, அடியில் ஒட்டவில்லை; விளிம்பில் ஒட்டுகிறதே!" என்றான். "கலப்படம், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று தீர்ப்புக் கூறினேன். அதை நம்பி அவன் தாயார் கடையில் சண்டையிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தவறு கடைக்காரருடையதன்று, என்னுடையது.

எவர்சில்வரில் சிறந்த வகை, இரும்புடன் நூற்றுக்கு ஏறக்குறைய 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் சேர்ந்த கலவை. அதன் அணுக்கள் கனசதுரத்தின் மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் அமர்ந்துள்ளன. அவ்வமைப்பைக் காந்தம் கவர்வதில்லை. சாதாரண வெப்பநிலையில் அது நிலைத்திருப்பது பெரிதும் நிக்கலின் தயவால், அந்நிலைப்பும் அரைகுறையே. அச்சுக்குள் தகடு அழுந்தி இழுபடும்போது, மிகுதியாக நெளியும் விளிம்புப் பக்கத்தில் அணுவரிசைகள் சறுக்கி, மூலைகளிலும் கனசதுரத்தின் நட்டநடுவிலும் அமரும் வேறோர் அமைப்பாகின்றன. அடால்ஃப் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மானியரின் பெயரால் அது மார்ட்டென்சைட் எனப்படும். அது கடினமானது, காந்தத்துக்கும் இணங்குவது. அடிப்பாகம் அதிகம் நெளியவில்லை. ஆகவே பழையபடியே இருந்தது. கலவையில் ஓர் அணுவும் கூடவில்லை, குறையவில்லை! அக்கிண்ணத்தை 1,050 டிகிரி சென்டிகிரேடு அளவில் காய்ச்சி விரைந்து குளிர்வித்தால் காந்தம் விளிம்பையும் விட்டுவிடும்.

இது இழுப்பும் நெளிவும் கலந்த அழுத்தம். பேரழுத்தத்தின் கதை வேறு. 1956-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அறிஞர்கள் வெடிமருந்தின் அதிர்ச்சி அலையால் இரும்பைத் தாக்கி, ஏறத்தாழ 1,30,000 வளிமண்டல அழுத்தத்தில் அது உருமாறக் கண்டனர். அணுக்கள் இன்னும் நெருங்கி அறுகோண அடுக்காகின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. விந்தை பாருங்கள்: பட்டறை அழுத்தம் எவர்சில்வருக்குக் காந்த குணத்தைக் கொடுத்தது, இப்பேரழுத்தமோ இரும்பிடமிருந்து அதைப் பறித்துக்கொள்கிறது. இன்று இரு வைரங்களின் நுண்ணிய முகங்களுக்கிடையே துகளை வைத்து நசுக்கியும் இவ்வளவு அழுத்தத்தைப் பெறுகிறார்கள். நம் கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் இம்முறையில் உலோகக் கலவைகளை ஆராய்ந்துள்ளனர்.

உண்மையை நூலொன்றில் படித்தறிந்தபின் அக்கடைக்குச் சென்று வருத்தம் தெரிவித்தேன். கடைக்காரர் சிரித்தார். "அந்தக் கிண்ணத்தை அன்றே பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன், ஐயா" என்றார்.