உருகிய உப்பு மீண்டும் உறைய வேண்டும்



சித்திரை மாதத்தில் புதுக்கோட்டையின் கான்கிரீட் தளத்துக்குக் கீழே படுத்தவர்களுக்கு வெப்பச் சேமிப்பைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் இரவெல்லாம் நம்மேல் கக்குகிறது. அந்த வெப்பத்தை வாங்கித் தன்னிடமே வைத்திருந்து, விடியற்காலைக் காற்றில் வெளியே விடும் பொருளைத் தேடித்தான் இங்கே கூடியிருக்கிறோம்.

கிளாபர் உப்பு அப்படிப்பட்ட பொருள். சோடியம் சல்பேட்டின் ஒரு மூலக்கூறு, பத்து நீர் மூலக்கூறுகளைப் பிடித்திருக்கும் படிகம். 32.4 பாகை செல்சியஸில் தன் படிக நீரிலேயே உருகும்போது கிலோவுக்கு ஏறக்குறைய 250 கிலோஜூல் வாங்கிக்கொள்கிறது. ஒரு கிலோ தண்ணீரை 60 பாகை சூடேற்ற ஆகும் வெப்பம் அது. விலை மலிவு, தீப்பிடிக்காது.

நம் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த அதே 1948-இல், அமெரிக்காவின் டோவரில் மரியா டெல்கெஸ் இந்த உப்பைக் கலன்களில் அடைத்து, சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் வீடொன்றை உருவாக்கினார். வரைபடம் எலினார் ரேமண்ட், பணம் அமீலியா பீபாடி. மூவரும் பெண்கள் என்பதை மாணவியர் நினைவில் கொள்ள வேண்டும். மூன்றாவது குளிர்காலத்தில் உப்பு கைவிட்டது.

ஏன் கைவிட்டது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கண்ணாடிப் புட்டியில் இந்த உப்பை அடைத்து என் வீட்டு மொட்டைமாடியில் வைத்தேன். நண்பகலில் உருகியது. அடியில் மட்டும் தெளிந்த சுண்ணாம்பு நீரின் கசடு போல ஒரு வெள்ளை வண்டல். உருகி வந்த நீருக்கு உப்பு முழுவதையும் கரைக்கும் திறன் கிடையாது. மிஞ்சிய நீரற்ற சல்பேட் கனத்தால் அமிழ்ந்துவிடுகிறது. குளிரும்போது வண்டலின் மேல் உறையும் படிகமே, நீர் கீழே இறங்காதபடி சுவராக நிற்கிறது. சுற்றுக்குச் சுற்று வண்டல் தடிக்கிறது, சேமிப்பு இளைக்கிறது.

மற்றொரு குறை மீக்குளிர்வு. உறைய வேண்டிய வெப்பநிலைக்குக் கீழே 15 பாகை வரை போயும் உப்பு திரவமாகவே கிடக்கும். டெல்கெஸ் அதில் வெங்காரம் கலந்தார். நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் அதே வெங்காரம்தான். பாலுக்கு உறைமோர் போல அது படிகத்தைத் தொடங்கி வைக்கிறது. மீக்குளிர்வு மூன்று, நான்கு பாகையாகச் சுருங்கியது. பனி கொட்டும் நாட்டுக்கு அது தாராளம். நம் கத்திரி வெயில் கால இரவுகளோ 27 பாகையை ஒட்டியே நிற்கின்றன. நமக்கு மிஞ்சுவது ஒன்றிரண்டு பாகை. அந்த இடைவெளியில் வெப்பம் மெல்லக் கசிவதற்குள் பொழுது விடிந்துவிடும். ஆகவே வெளிநாட்டுக் கலவையை அப்படியே எடுத்துவந்து நம் கூரையில் வைக்க முடியாது.

வண்டலைத் தடுக்கக் கரைசலைக் கெட்டியாக்க வேண்டும். களிமண் வகைகளும் செல்லுலோஸ் பசைகளும் பழகிய வழி. நம் கடலோரத்தில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசி கராஜீனன் பசையைத் தருகிறது. இத்தனை உப்புச் செறிவில் அந்தப் பசை எத்தனை சுழற்சிக்குக் கலையாமல் தாங்கும்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளும் மாணவரைச் சந்திக்க நான் ஆவலாயிருக்கிறேன். கலனை உப்பு அரிப்பது தனிப் பாடு; அதற்கு அரிமான ஆய்வில் பெயர் பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பக்கத்திலேயே காரைக்குடியில் இருக்கிறது.

முதல் அமர்வுக் கட்டுரையாளர்களை அழைக்கிறேன். முதல் உருகலில் கிடைத்த வெப்பத்தை அப்புறம் காட்டலாம். எத்தனையாவது சுற்றில், எந்த இரவு வெப்பநிலையில் எடுத்த அளவு என்பதை முதலில் சொல்லுங்கள்.