இறைவன் பெயரும் அரசாங்கக் காகிதமும்

(தோல் தொழிலாளர்களும் வியாபாரிகளும் திரளாகக் கலந்துகொண்ட ஆம்பூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

பேர்ணாம்பட்டு சகோதரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அரசு அலுவலகத்தில் எழுத்தர். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் அங்கே பூஜை வைத்திருக்கிறார்கள். "பாய், இந்த வருஷம் நீங்களே தேங்காயை உடைங்க, நீங்கதான் எங்களுக்கெல்லாம் மூத்தவர்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அன்பாகத்தான் கூப்பிட்டார்கள், அதில் அவருக்குச் சந்தேகமில்லை. "அது முடியாதுப்பா" என்று ஒதுங்கி நின்றிருக்கிறார். அதன்பிறகு ஒரு வாரம் யாரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். "நான் செய்தது சரியா?" என்று கேட்டார். சரிதான் என்றேன். ஆனால் அத்தோடு முடிகிற கேள்வியா இது? இன்றைக்கு அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

அரசாங்கம் இறைவனின் பெயரைச் சொல்லலாமா? நம் நாட்டை உருவாக்கியவர்கள் இந்தக் கேள்வியை வாக்கெடுப்புக்கே விட்டார்கள். 1949 அக்டோபர் 17-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் முகவுரை விவாதத்திற்கு வந்தது. "இந்திய மக்களாகிய நாம்" என்பதற்கு முன்னால் "கடவுளின் பெயரால்" என்று சேர்க்க வேண்டுமென எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். உடனே என்ன நடந்தது தெரியுமா? அசாமைச் சேர்ந்த ரோகிணி குமார் சௌதுரி எழுந்து, நான் காமாக்யா தேவியை வணங்கும் பூமியிலிருந்து வருகிறேன், கடவுள் என்பதற்குப் பதில் தேவியின் பெயரால் என்று போடலாமா என்று கேட்டார். இன்னொருவர் பரமேசுவரன் பெயரால் என்று எழுதச் சொன்னார். சகோதரர்களே, ஒரே ஒரு சொல்தான். அதற்குள் இத்தனை வாசல்கள் திறந்துவிட்டன!

திருவிதாங்கூரின் பட்டம் தாணுப் பிள்ளை, தாம் இறைநம்பிக்கை உள்ளவர் என்று சொல்லிக்கொண்டே அந்தத் திருத்தத்தை எதிர்த்தார். நம்பிக்கையை யார்மீதும் சட்டம் கட்டாயமாக ஏற்றக் கூடாது என்பது அவர் வாதம். ஹிருதயநாத் குன்ஸ்ருவும் எதிர்த்தார். கடவுளை வைத்து ஓட்டுப் போடுகிற சங்கடத்திற்கு எங்களை ஆளாக்காதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி வேண்டிக்கொண்டார். காமத் கேட்கவில்லை. வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 41, எதிர்ப்பு 68. திருத்தம் தோற்றது.

"இறைவன் பெயர் தோற்றதற்கு ஒரு முஸ்லிம் மகிழலாமா?" என்று இந்த ஊரிலேயே ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. பிஸ்மில்லாஹ் சொல்லாமல் சோற்றுப் பருக்கையைக்கூட வாயில் வைக்காதவர்கள் நாம்.

ஹுதைபிய்யாவை நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி 6, கி.பி. 628. உடன்படிக்கை எழுதப்படுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லச் சொல்ல அலீ (ரலி) எழுதுகிறார்கள். "பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்" என்றதும் குறைஷிகளின் தூதர் சுஹைல் பின் அம்ர் தடுத்தார். ரஹ்மான் யாரென்று எங்களுக்குத் தெரியாது, பழைய வழக்கப்படி "பிஸ்மிகல்லாஹும்ம" என்றே எழுதுங்கள் என்றார். தோழர்கள் கொதித்தார்கள். நபிகளார் அப்படியே எழுதச் சொன்னார்கள். அடுத்து "அல்லாஹ்வின் தூதர்" என்ற சொல்லுக்கும் எதிர்ப்பு வந்தது. அதை அழிக்க அலீ (ரலி) அவர்களுக்கு மனம் வரவில்லை. நபிகளாரே அந்தச் சொல்லை நீக்கினார்கள்.

அங்கே இறைவன் பெயர் அடியோடு போகவில்லையே என்பீர்கள். உண்மை. இரு தரப்பும் மனம் ஒப்பிக் கையெழுத்திடக்கூடிய சொல் எதுவோ அது நின்றது. அன்று அந்த இரு தரப்புக்கும் பொதுவாக அப்படி ஒரு பெயர் இருந்தது. காமாக்யாவை வணங்குபவரும், கர்த்தரைத் தொழுபவரும், நாத்திகரும், நாமும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய காகிதத்தில் எல்லோருக்கும் பொதுவான சொல் எது? "இந்திய மக்களாகிய நாம்" என்பதுதான். அந்தக் காகிதத்தில் நாம் ஒரு சொல்லை விட்டுக்கொடுத்தோம், ஈமானை விட்டுக்கொடுக்கவில்லை.

பெயரை எழுதிவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று நினைப்பவர்கள் பக்கத்து நாட்டைப் பார்க்கட்டும். அதே 1949-இல், மார்ச் மாதம், பாகிஸ்தான் தன் குறிக்கோள் தீர்மானத்தில் இறையாண்மை அல்லாஹ்வுக்கே என்று எழுதியது. 1971-இல் அந்த நாடு இரண்டாகப் பிரிவதை அது தடுத்ததா? அமெரிக்காக்காரன் 1956-இல் கடவுளை நம்புகிறோம் என்பதைத் தேசிய வாசகமாகவே ஆக்கிக்கொண்டான். அவன் நோட்டில்கூட அந்த வாசகம் இருக்கிறது. அந்த நோட்டு எதையெல்லாம் வாங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும்!

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? கல்லாப்பெட்டிக்கு மேலே 786 எழுதி வைத்துவிட்டுக் கழிவுநீரைப் பாலாற்றில் விட்டவர்கள் நம்மில் இல்லையா? 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் உச்சநீதிமன்றம் இந்தப் பகுதித் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டதே, மறந்துவிட்டீர்களா? (முன்வரிசையில் சிலர் தலை குனிகிறார்கள். நானும் தோல் மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைதான்.)

இதற்கு மறுபக்கமும் உண்டு. பொது வாழ்வில் யாரும் கடவுள் பெயரையே உச்சரிக்கக் கூடாது என்று சில பகுத்தறிவு நண்பர்கள் சொல்கிறார்கள். அதை நாம் ஏற்க முடியாது. முகவுரையில் இறைவன் பெயரை வைக்க மறுத்த அதே சபைதான், பதவிப் பிரமாணத்தில் இரண்டு வழிகளைத் திறந்து வைத்தது. கடவுள் பெயரால் ஆணையிடுவதும் உளமார உறுதி கூறுவதும் அவரவர் விருப்பம். கேரள சட்டமன்றத்தில் சில உறுப்பினர்கள் அல்லாஹ்வின் பெயரால் உறுதியேற்றதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அல்லாஹ் என்பது கடவுளைக் குறிக்கும் சொல்தான் என்று சொல்லி உயர்நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. ஆக, மனிதன் சொல்லலாம். எல்லோர் சார்பிலும் அரசாங்கம் சொல்லக் கூடாது.

இந்தக் கோட்டைத் தாண்டியதால் என்ன ஆனது என்பதற்கு வேலூர்க் கோட்டை சாட்சி. 1805-இல் சென்னைப் படைத்தளபதி கிரடாக் ஓர் உத்தரவு போட்டார். அணிவகுப்பில் இந்துச் சிப்பாய் நெற்றியில் குறியிடக் கூடாது, முஸ்லிம் தாடி வைக்கக் கூடாது, புதிய தலைப்பாகையில் தோலால் செய்த சின்னம் செருக வேண்டும். அந்தத் தோல் பசுவினுடையதா, பன்றியினுடையதா என்ற பேச்சு பாசறை முழுவதும் பரவியது. தோலின் பெயரைச் சொன்னால் அதன் அருமை நமக்குத் தெரியும். 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டையில் துப்பாக்கி வெடித்தது. நெற்றிக் குறிக்காரரும் தாடிக்காரரும் ஒன்றாகத்தான் எழுந்தார்கள்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். 1968-இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, அரசு அலுவலகங்களில் சாமி படங்கள் வேண்டாம் என்று உத்தரவு போனது. அது எந்த அளவுக்கு நடைமுறையில் இருக்கிறது என்பதை எந்த அலுவலகத்திலும் நுழைந்து பார்த்துக்கொள்ளுங்கள். 2022 ஜூலையில் தருமபுரி மாவட்டத்தில் ஏரி சீரமைப்புப் பணிக்குப் பூமி பூஜை ஏற்பாடு செய்திருந்தார்கள். மற்ற மதத்தினர் எங்கே, இது அரசு விழாவா என்று எம்.பி. செந்தில்குமார் அதிகாரிகளைக் கேட்டார். முஸ்லிம் அல்லாத ஒருவர் கேட்டது நமக்கு இனித்தது.

ஆனால் நாம் என்ன செய்தோம்? நம் பகுதியில் அரசுப் பள்ளிக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டியபோது, பூஜை நடந்தால் கிராஅத்தும் ஓத வேண்டும் என்று போய் நின்றோம். அனுமதித்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்டோம். அந்தக் குழுவில் நானும் இருந்தேன். அது பிழை என்று இன்று இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன். அன்று நாம் வாங்கிய பத்து நிமிடம்தான், அந்தப் பேர்ணாம்பட்டு எழுத்தரிடம், "உங்க ஆட்களும் ஓதினாங்களே பாய்" என்று சொல்ல மற்றவர்களுக்கு இடம் கொடுத்தது. அவருக்குப் பதில் சொல்ல வாயில்லாமல் போனது நம்மால்.

ஆகவே மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்க ஒரு மனு தயாரித்திருக்கிறோம். அரசு விழாக்களில் எந்தச் சமயச் சடங்கும் வேண்டாம், நம்முடையதும் சேர்த்து என்று அதில் எழுதியிருக்கிறது. கடைசி இரண்டு சொற்களை எடுத்துவிடலாம் என்று ஜமாஅத்தில் இரண்டு பேர் சொன்னார்கள். எடுக்கவில்லை. மஃரிப் தொழுகை முடிந்ததும் மனு பள்ளிவாசல் வராந்தாவில் இருக்கும். படித்துப் பார்த்துவிட்டு, மனம் ஒப்பினால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.