விக்கிரகக் களவும் வெள்ளித்திரையும்



சிறிய முதலைக் கொண்டு படம் எடுப்போர்க்கு விக்கிரகக் களவு மிக வாய்ப்பான கதைப்பொருள். ஒரு பழங்கோயில், ஒரு நள்ளிரவு, ஒரு மோட்டார் வண்டி, துறைமுகத்தை அடுத்த ஒரு பண்டசாலை, அதனுள் ஆறேழு முரடர். இவற்றோடு சண்டை பழகிய ஓர் இளைஞனும் கிடைத்துவிட்டால் படம் முக்காற் பங்கு முடிந்தது எனலாம். இத்தகைய படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வருவோரின் அபிப்பிராயங்கள் படத்திலும் பார்க்கச் சுவையானவை. கலரியில் இருந்தவர் சண்டை போதாது என்பர். பல்கனியில் இருந்தவர் சண்டை மிகுதி என்பர். ஒரே பண்டசாலையே மூன்று ஊர்களாகக் காட்டப்பட்டதைச் சிறுவர்களே கண்டுபிடித்துச் சிரித்துவிடுவர். வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர், கடைசியில் சுவாமி கோயிலுக்கு வந்து சேர்ந்தது போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டபடி வீடு திரும்புவார். இவற்றுக்கிடையே இன்னொரு குரலும் தவறாது கேட்கும்: "அது வெறும் அட்டைச் சாமி!"

இந்தக் கடைசி அபிப்பிராயமே ஆராயத்தக்கது. கதாநாயகன் விக்கிரகத்தை ஒரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மதில் பாய்கிறான். மறுகையால் மூவரை வீழ்த்துகிறான். ஏறத்தாழ நாலடி உயரமான செப்புத் திருமேனியைப் பலர் கூடியே பெயர்த்தெடுக்க வேண்டும் என்பதைத் திருவிழாவிற் சுவாமி காவிய எவரும் அறிவர். பார்ப்போர் நகைப்பது நியாயமே. ஆயினும் குறை அட்டையில் இல்லை. படத்திற் சிலைக்குப் பாரம் இல்லாமற் போனதற்குக் காரணம், கதையில் அதற்குப் பாரம் இல்லாமையே. விக்கிரகத்தை எடுத்துவிட்டு அவ்விடத்தில் ஒரு வைரப் பொட்டலத்தை வைத்துப் பாருங்கள். ஓட்டமும் துரத்தலும் ஒரு சொல்லும் மாறாமல் அப்படியே நடைபெறுமாயின், அப்படம் விக்கிரகக் களவைப் பற்றியதன்று. பொட்டலக் களவைப் பற்றியது.

பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்ட படங்களும் இதற்கு விலக்கல்ல. 1971ஆம் ஆண்டில் தேவ் ஆனந்த் காத்மண்டுவைக் களமாகக் கொண்டு எடுத்த 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' என்னும் இந்திப் படத்தில் நேபாளக் கோயிற் சிலைகள் களவாடப்படுவது கதையின் ஒரு கிளை. அப்படத்தைப் பார்த்தோரிடம் வினவினால் பாட்டைச் சொல்வர். போதைப்பொருளுக்கு அடிமையான தங்கையைச் சொல்வர். சிலையைச் சொல்வோர் அரியர். இதற்கு மாறாக, 1979இல் சத்யஜித் ராய் எடுத்த 'ஜய் பாபா ஃபேலுநாத்' என்ற வங்காளப் படத்திலே துரத்தல் மிகக் குறைவு. காசியில் ஒரு குடும்பத்தாரிடம் உள்ள சிறிய பிள்ளையார் சிலையை ஒரு செல்வந்தன் கவர முயல்கிறான். அந்த வீட்டுச் சிறுவனோ அதனைத் துர்க்கையின் சிங்க வாயினுள் ஒளித்து வைக்கிறான். கத்தி எறிபவன் முன் ஒரு பயந்த மனிதரை நிறுத்தும் ஒரு காட்சியைத் தவிர வன்முறை என்று சொல்ல அதிகம் இல்லை. அவ்வாறிருந்தும் பார்ப்போர் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கின்றனர். பயத்துக்குப் பணம் வேண்டியதில்லை போலும்.

அப்படியாயின் உண்மையான களவு எவ்வாறு நடைபெறுகிறது? தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்தில் சிறீபுரந்தான் என்னும் ஊர் உண்டு. அங்குள்ள சோழர் காலத்துச் சிவாலயம் கவனிப்பாரின்றிப் பூட்டிக் கிடந்தது. 2006ஆம் ஆண்டில் அங்கிருந்த நடராசர் திருமேனி களவு போயிற்று. துப்பாக்கி வெடிக்கவில்லை, வண்டி துரத்தவில்லை. களவு போனது வெளிப்பட்டதே 2008இல், கதவைத் திறந்தபோதுதான். இரண்டு ஆண்டுகள் ஒரு கோயிலில் இறைவன் இல்லை. இல்லை என்பதை அறிந்தவர் கள்வர் மாத்திரமே. எந்தப் படமும் காட்டாத பயங்கரம் இது. அதே 2008இல் அவுஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அந்நடராசரை நியூயோர்க் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து ஐம்பது இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட விலைக்கு வாங்கியது.

இங்கே முரடர் எங்கே? இக்கதையில் முரடனின் வேலையைச் செய்தது ஒரு காகிதம். பழம்பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் இந்தியச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. அதற்கு முன்னரே சிலை இந்தியாவை விட்டு நீங்கிவிட்டது எனக் காட்டும் பொய்ப் பத்திரம் ஒன்று இருந்தால் களவுப் பொருள் கலைப்பொருளாகிவிடும். இனி, கதாநாயகன் யார்? அதுவும் ஒரு காகிதமே! புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1956 முதல் ஊரூராகச் சென்று கோயில்களையும் விக்கிரகங்களையும் நிழற்படம் எடுத்து வைத்திருந்தனர். சிறீபுரந்தான் நடராசரின் படமும் அவற்றுள் ஒன்று. அதனையும் கலைக்கூடத்துச் சிலையையும் பக்கத்திற் பக்கம் வைத்து ஆர்வலர் சிலர் ஒப்பிட்டபோது பத்திரத்தின் பொய் வெளிப்பட்டது. கபூர் 2011இல் ஜெர்மனியிற் கைதானார். 2012இல் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். 2022இல் கும்பகோணத்து நீதிமன்றம், வேறோர் ஆலயத்து விக்கிரகக் களவு வழக்கில், அவருக்குப் பத்து ஆண்டுச் சிறை விதித்தது. நடராசர் 2014 செப்டெம்பரில் இந்தியாவுக்கு மீண்டார். பூட்டிய கதவு, ஒரு பத்திரம், ஒரு நிழற்படம் ஆகிய மூன்றையும் படம் பிடிக்க எத்துணைச் செலவாகும்? சிறுமுதற் படக்காரர் பண்டசாலைக்கு வாடகை கொடுப்பதிலும் பார்க்கக் குறைவாகவே ஆகும்.

அட்டைச் சாமியைக் கண்டு நகைப்போர்க்கு இன்னொரு வரலாறும் உண்டு. தஞ்சைப் பகுதியிலுள்ள சிவபுரத்தில் 1951இல் மண்ணுள்ளிருந்து சில திருமேனிகள் கிடைத்தன. ஆபத்துக் காலங்களில் விக்கிரகங்களைப் புதைத்துக் காப்பது பழைய வழக்கம். திருக்கோணமலையில் 1950இல் வெளிப்பட்ட திருமேனிகளை ஈழத்து நேயர்கள் மறந்திரார். சிவபுரத்து நடராசரைச் சீர்செய்யக் கொடுத்தபோது அதனைப் போன்ற பிரதி ஒன்று வார்க்கப்பட்டது. கோயிலுக்குத் திரும்பி வந்தது பிரதி. மூலம் கடல் கடந்தது. ஊரார் அதனையே வழிபட்டனர். பிரித்தானிய அரும்பொருட்சாலையைச் சேர்ந்த டக்ளஸ் பரெற் என்னும் அறிஞர், கோயிலில் இருப்பது மூலமன்று என்பதை 1965இல் வெளியிட்ட நூலிற் குறித்தார். மூலத்தை 1973இல் அமெரிக்காவில் நோட்டன் சைமன் நிறுவனம் வாங்கியது. வழக்கின் பின் 1976இல் உடன்பாடு ஏற்பட்டு, 1986இல் நடராசர் இந்தியாவுக்கு மீண்டார். அந்தப் பிரதியின் முன் கண்ணீர் மல்க நின்றவரின் வழிபாடு யாருக்குச் சென்றது? சண்டை தெரியாத ஓர் இயக்குநருக்கு இதனைவிடச் சிறந்த கதை அகப்படுமா என்பது ஐயமே.

நீதிமன்றக் காட்சி வேண்டுவோர்க்குப் பத்தூர் நடராசர் இருக்கிறார். 1976இல் பத்தூரில் மண்ணிலிருந்து வெளிப்பட்டு, கைமாறிக் கைமாறி, 1982இல் ஒரு கனேடியக் கம்பெனியின் உடைமையாகி, இலண்டனிற் பொலிசாராற் கைப்பற்றப்பட்டவர் அவர். அவ்வழக்கிற் பத்தூரில் எஞ்சியிருந்த விக்கிரகங்களோடு அவரை ஒப்பிட்டு நிபுணர் சாட்சி கூறினர். எல்லாவற்றிலும் வியப்பானது, பாழடைந்த ஓர் ஆலயம் வழக்காளியாக இலண்டனில் நின்றதே. ஆலயம் தன் பிரதிநிதி மூலம் உரிமை கோரலாம் என்பதை 1991இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. அவ்வாண்டே நடராசர் தாய்நாடு திரும்பினார்.

ஆனால் மணி ஒலிக்க, தீபம் காட்ட, படம் முடிவது போல இது முடியவில்லை. பத்தூருக்கு அவர் செல்லவில்லை; மீண்டும் களவு போகாதிருக்கத் திருவாரூரிலுள்ள விக்கிரகப் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டார். சிறீபுரந்தான் நடராசரும் கும்பகோணத்து மையத்தையே அடைந்தார். படமாளிகையிற் கையெடுத்துக் கும்பிட்ட அம்மையார் இதனை ஏற்பாரா? கள்வரிடமிருந்து மீட்டபின்னும் கம்பிகளுக்குப் பின்னே நிற்கும் இறைவனைப் பற்றி அவருடைய அபிப்பிராயம், விமரிசகர் எவருடையதிலும் பார்க்கக் கேட்கத்தக்கது.

அவர் விரும்பும் முடிவு நேபாளத்தில் ஒருமுறை நிகழ்ந்திருக்கிறது. காத்மண்டுவை அடுத்த பாட்டன் நகரில் 1984இல் களவு போன இலட்சுமி நாராயணர் கற்சிலை, பல ஆண்டுகள் அமெரிக்காவின் டலஸ் நகரத்து அரும்பொருட்சாலையில் இருந்தது. 2021 மார்ச் மாதத்தில் அது நேபாளத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரில் ஊரவர் அதனை ஊர்வலமாக எடுத்துச் சென்று, முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் அது பெயர்க்கப்பட்ட அதே கோயிலில், அதே பீடத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தனர்.