உடைந்தது ஆறா, கரையா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பீகாரிகள் வந்து குவிந்து நம் பிள்ளைகளின் பிழைப்பைக் கெடுக்கிறார்கள்" என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் பேசினார். கைதட்டலும் கிடைத்தது. அந்தக் கைதட்டலுக்குப் பதில் சொல்லத்தான் இன்று பேச அனுமதி கேட்டேன். அவர்கள் வருவதற்குக் காரணங்கள் பல. நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: கோசி ஆறு.

கோசி இமயத்திலிருந்து நேபாளம் வழியாக வடபீகாரில் இறங்கிக் கங்கையில் கலக்கிறது. மலை மண்ணையும் மணலையும் வாரிவந்து தன் படுகையிலேயே கொட்டும். படுகை மேடானதும் பக்கத்துப் பள்ளத்தைத் தேடி இடம் மாறும். இப்படி 200 ஆண்டுகளில் 100 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே நகர்ந்துவிட்டது. அதைக் கட்டிப்போட 1954இல் இந்தியாவும் நேபாளமும் ஒப்பந்தம் செய்தன. இருபுறமும் கரை எழுந்தது. தண்ணீர் அடங்கியது, மண் அடங்கவில்லை. அதுவும் கரைகளுக்கு நடுவிலேயே சேர்ந்து, ஊரைவிட ஆறு உயரமாயிற்று. கரைகளுக்கு நடுவே அகப்பட்ட 300க்கு மேற்பட்ட கிராமங்களின் பாடு தனிக்கதை.

2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தில் குசஹா என்ற இடத்தில் கிழக்குக் கரை உடைந்தது. இயற்கையின் சீற்றம் என்றார்கள். கணக்கைப் பாருங்கள்! அங்குள்ள தடுப்பணை விநாடிக்கு 9.5 இலட்சம் கன அடி தாங்கும்படி கட்டப்பட்டது. அன்று ஓடியது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கரையைப் பராமரிக்கும் பொறுப்போ இந்தியத் தரப்புடையது. ஆகவே, உடைத்தது மழையல்ல, அசட்டை என்பதே என் முடிவு.

ஆறு தன் பழைய தடத்தில் பாய்ந்தது. சுபால், மாதேபுரா, அராரியா, சஹர்சா, பூர்ணியா மாவட்டங்களில் 30 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். நட்ட நெல் போயிற்று. போனது ஒரு போகம்தானே, வெள்ளம் வண்டல் தருமே என்று தஞ்சாவூர்க்காரர்கள் கேட்பீர்கள். வண்டல் தந்தால் சரி. அங்கே பல வயல்களை மூடியது மணல் அல்லவா? மணல் மூடிய வயலில் அடுத்த போகமும் இல்லை, அதற்கடுத்ததும் இல்லை. நிலமுள்ளவன் மணலை அள்ளக் கடன் வாங்குவான். குத்தகைக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் அங்கே என்ன வேலை? சஹர்சாவில் வண்டி ஏறுகிறான். பஞ்சாபில் நாற்று நடுகிறான். இங்கே மும்பையில் சாரம் ஏறுகிறான். அங்கே பயிரைக் கொன்ற வெள்ளம் இங்கே ஒப்பந்தக்காரனுக்கு மலிவான ஆளைக் கொண்டுவந்து விடுகிறது. நம் பிள்ளையின் கூலியைக் குறைப்பது வண்டியில் வந்தவனா, கூலிக் கணக்கு எழுதுகிறவனா?

நான் ரயில்வே குமாஸ்தா. எங்கள் இலாகா சங்கதி ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டேன். நிர்மலிக்கும் சராய்கருக்கும் நடுவே கோசியின் மேலிருந்த பாலம் 1934இல் வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் போயிற்று. புதுப் பாலம் திறந்தது 2020இல்! அதுவரை 22 கிலோமீட்டர் தூரத்துக்கு ரயிலில் 298 கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட ஊரில் எவன் ஆலை வைப்பான்? மாதேபுராவில் மின்சார எஞ்சின் தொழிற்சாலை வந்து முதல் எஞ்சின் வெளிவந்ததே 2018இல்தான்.

கரை உடைந்த அதே 2008இல், அக்டோபர் மாதம், ரயில்வே தேர்வெழுத மும்பை வந்த வடநாட்டுப் பையன்கள் தேர்வு மையங்களில் அடித்து விரட்டப்பட்டார்கள். 1960களில் இதே நகரத்தில் லுங்கிக்காரன் என்று அடிபட்டவர்கள் யார் என்று நம் பெரியவர்களைக் கேளுங்கள்.

2024 செப்டம்பரில் அதே தடுப்பணையிலிருந்து 6.6 இலட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். 56 ஆண்டுகளில் அவ்வளவு தண்ணீர் வந்ததில்லை. மறுபடியும் கரை உடைந்தது.

தீர்மானத்தில் மூன்று கோரிக்கைகள் உள்ளன: கரைப் பராமரிப்புச் செலவுக் கணக்கை வெளியிட வேண்டும், மணல் மூடிய நிலத்துக்கான நிவாரணம் குத்தகைக்காரருக்கும் கிடைக்க வேண்டும், இந்நகரில் எந்த மாநிலத் தொழிலாளிக்கும் ஒரே கூலி வேண்டும். செயலாளர் படிப்பார். மறுப்புள்ளவர்கள் எழுந்து பேசலாம்.