நாம் பெற்றதைப் பிறரும் பெறச் செய்வோம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், சம்பூரில் நிகழ்த்திய உரை)

நல்ல நூல், நல்ல இசை, இணையத்திலே கண்ட நல்ல பொருள் ஆகியவற்றை ஒருவர்க்கொருவர் எடுத்துச் சொல்லுதல் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். கேட்டவுடன் இது சிறிய பொருள்போலத் தோன்றும். "இந்தப் புத்தகத்தைப் படித்தாயா? அந்தப் பாட்டைக் கேட்டாயா?" என்று நண்பர்கள் வினவிக்கொள்வது அன்றாடம் நடப்பதுதானே, இதற்கொரு மேடை வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். ஆயின் எம் முன்னோர் இதனைச் சிறிய பொருளாக எண்ணினாரில்லை. இதற்கென ஓர் இலக்கிய வகையையே வகுத்து வைத்தனர். அதுவே ஆற்றுப்படை.

வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன், வழியிலே வறுமையோடு வரும் வேறொரு பாணனைக் காண்கிறான். தான் பெற்றதை மறைத்துக்கொண்டு போகவில்லை. "இன்னானிடம் செல், இந்த வழியாகச் செல், வழியிலே இன்ன ஊர் வரும், இன்ன உணவு கிடைக்கும், அவன் உன்னை இவ்வாறு வரவேற்பான்" என்று விரிவாகச் சொல்லி அனுப்புகிறான். பத்துப்பாட்டிலே சரிபாதியாகிய ஐந்து பாட்டுக்கள் இவ்வகையைச் சார்ந்தவை. அவற்றுள் நக்கீரர் பாடிய திருமுருகாற்றுப்படை, பொருளை நாடுவோனுக்கன்றி அருளை நாடுவோனுக்கு வழி காட்டுவது. பதினோராந் திருமுறையிலும் அது இடம்பெற்றுள்ளது. இப்பாட்டுக்களிலே இரண்டு செய்திகளை நாம் கவனித்தல் வேண்டும். வழி சொல்பவன் தானே அங்குச் சென்று வந்தவன். பிறர் சொல்லக் கேட்டுச் சொல்பவன் அல்லன். அன்றியும், எதிரே நிற்பவனுடைய நிலை அறிந்து அவனுக்கு வேண்டியதைச் சொல்கிறான். பரிந்துரைக்கும் முறை முழுவதும் இவ்விரண்டிலே அடங்கிவிட்டது.

இந்தப் பத்துப்பாட்டு நமக்குக் கிடைத்த வரலாறும் அத்தகையதே. 1880 ஆம் ஆண்டிலே கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முனிசீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். ஐயரவர்கள் தாம் படித்த அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் முதலியவற்றை அடுக்கிச் சொன்னார். முதலியாருக்கு அது போதவில்லை. சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். இல்லை என்றபோது, படிப்பதற்கு ஒரு பிரதியையும் தேடிக் கொடுத்தார். அந்த ஒரு வினாவிலிருந்து என்னென்ன விளைந்தன என்பதைப் பாருங்கள். 1887 இல் சிந்தாமணி அச்சேறியது. 1889 இல் பத்துப்பாட்டு, 1892 இல் சிலப்பதிகாரம், 1894 இல் புறநானூறு என ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. இராமசாமி முதலியார் எழுதிய நூல் எதுவென்று கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியாது. அவர் கேட்ட கேள்வியை மட்டும் தமிழுலகம் இன்றும் மறக்கவில்லை.

எமது கொட்டியாரக் குடாவோடு தொடர்புடைய ஒரு வரலாற்றையும் இங்குச் சொல்லுதல் பொருந்தும். 1659 இன் இறுதியிலே புயலால் பாய்மரம் இழந்த ஓர் ஆங்கிலக் கப்பல் இக்குடாவுக்கு வந்து சேர்ந்தது. அதிலே வந்த இளைஞர் ரொபேட் நொக்ஸ் என்பவர் 1660 இல் தந்தையாரோடு கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, ஏறக்குறையப் பத்தொன்பதரை ஆண்டுகள் மலைநாட்டிலே சிறைவாழ்வு வாழ்ந்தார். அவரிடம் இருந்தவை இரண்டே இரண்டு சமய நூல்கள். அவற்றை மனப்பாடம் ஆகும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் படித்தார். தந்தையார் இறந்த பின்னர் ஒருநாள் ஒரு முதியவர் ஆங்கில விவிலியம் ஒன்றை அவர் இருந்த இடத்துக்கு விலைக்குக் கொண்டுவந்தார். நொக்ஸ் அதனைப் பின்னற் குல்லாய் ஒன்றுக்கு மாற்றாகப் பெற்றுக்கொண்டார். அவர் தப்பிச்சென்று 1681 இல் இலண்டனில் வெளியிட்ட இலங்கை வரலாறு இன்றும் ஆராய்ச்சியாளர் கையிலே இருக்கின்றது. சமயம் வேறாயினும் நூலின் அருமை ஒன்றுதான். நூல் கிடையாத இடத்திலே ஒரு நூலின் விலை என்னவென்பதை அவர் அறிந்திருந்தார்.

அன்பர்களே, அந்த அருமையைச் சம்பூர் மக்களாகிய நாமும் அறிந்தவர்களே. 2006 ஆம் ஆண்டிலே உடுத்த உடையோடு ஊரை விட்டு வெளியேறினோம். கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைப்பறிச்சான் முகாம்களிலே ஆண்டுக்கணக்காக இருந்தோம். 2015, 2016 ஆம் ஆண்டுகளிலே காணிகள் விடுவிக்கப்பட்டு மீண்டு வந்தபோது, பல வளவுகளிலே வீடு நின்ற இடமே தெரியவில்லை. வீட்டைக் கட்டினோம், கிணற்றை இறைத்தோம், வயலைத் திருத்தினோம். ஆனால் வீட்டு அலுமாரியில் இருந்த புராண ஏடும், பாட்டனார் கையெழுத்துக் கொப்பியும், கோயில் மலர்களும் போனவை போனவைதாம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன என்று கணக்குச் சொல்கிறோம். எங்கள் வீடுகளில் அழிந்தவற்றுக்குக் கணக்கே கிடையாது.

இன்றைய இளைஞர் கையிலே கைத்தொலைபேசி இருக்கின்றது. உலகத்து நூலும் இசையும் அதிலே வந்து குவிகின்றன. முன்னர் இல்லாமையாற் படிக்கவில்லை. இப்போது எதைப் படிப்பதென்று தெரியாமையாற் படிக்காமல் இருக்கிறோம். தூண்டில் போடத் தெரியாதவனுக்குக் கடல் நிறைய மீன் இருந்தும் என்ன பயன்? ஆதலின் எமது அனுபவத்திற் கண்ட சிலவற்றை இங்கு எடுத்துச் சொல்கின்றோம். இதுவும் ஓர் ஆற்றுப்படையே.

முதலில் நூல்கள். நமது திருகோணமலையிலே பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை, சென்னையிலே சுவடி நூலகத்திற் பணிபுரிந்தவர்; 1902 இலே இளமையிலேயே மறைந்தவர். அவர் 1895 இல் வெளியிட்ட "மோகனாங்கி" தமிழில் எழுந்த முதல் வரலாற்று நாவல் என்று போற்றப்படுகின்றது. நாயக்கர் காலத்துக் கதை. பொன்னியின் செல்வனைப் படித்து மகிழ்ந்த இளைஞர் இதனையும் கட்டாயம் படித்தல் வேண்டும். நடை சற்றுப் பழையதாகத் தோன்றும். இருபது பக்கம் பொறுத்துக்கொண்டால் கதை தானே இழுத்துச் செல்லும். அவருடைய "தத்தை விடு தூது" 1892 இல் வந்தது. பெண்ணின் உரிமைக்காகப் பேசும் அச்சிறு நூலை நமது சகோதரிகள் முதலிற் படிக்கட்டும். அதன்பின் சகோதரர்களும் படிக்கட்டும்.

அடுத்தவர் நமது அயலூராகிய மூதூரிலே 1925 இற் பிறந்த வ. அ. இராசரத்தினம். அவருடைய "தோணி" என்னும் சிறுகதைத் தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. தனக்கென ஒரு தோணி வேண்டுமென்று ஏங்கும் மீனவப் பிள்ளையின் கதையைக் கரைவலை இழுக்கும் நம்மவர் படித்தால், இது எங்கள் கதையல்லவா என்பர். திருகோணமலை ந. பாலேஸ்வரியின் "பூஜைக்கு வந்த மலர்" என்னும் நாவலைத் தாய்மார்களுக்குச் சொல்லுகின்றோம்.

இனி இசை. திருஞானசம்பந்தர் கோணமலைக்கு அருளிய பதிகம் மூன்றாந் திருமுறையில் உள்ளது. நம்மில் எத்தனை பேர் அதனை முழுவதும் பாட அறிவோம்? அதன் பண் புறநீர்மை. அதனைப் பூபாள இராகமாகக் கொள்வர். காலைக்குரிய இராகம். தருமபுரம் ப. சுவாமிநாதன் போன்ற ஓதுவார் பெருமக்கள் பாடிய தேவார ஒலிப்பதிவுகள் எளிதிலே கிடைக்கின்றன. விடியற்காலை தோணி இறக்கப் போகுமுன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். திருவிழா என்றால் தவில் நாதசுரம் என்று வளர்ந்தவர்கள் நாம். அளவெட்டியிலே வாழ்ந்து 1975 இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். ஒலித்தெளிவு குறைவாயிருக்கும், அவர் கை பேசுவது நன்றாகக் கேட்கும். இசையை ஆராய விரும்புவோர்க்குச் சுவாமி விபுலாநந்தரின் யாழ்நூல் உண்டு. திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்திய அப்பெரியார், பல்லாண்டு உழைத்து ஆக்கிய அந்நூல் 1947 ஆனி மாதத்திலே திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். அது கடினமான நூல். தனியே படிப்பது அரிது. நால்வர் சேர்ந்து படித்தல் நன்று.

மூன்றாவது இணையம். 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் தளத்திலே ஈழத்து நூல்களும், பழைய பத்திரிகைகளும், கோயில் மலர்களும், சங்க மலர்களும் பக்கம் பக்கமாகப் படம்பிடிக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. எங்கள் வீட்டிலே அழிந்த நூல் அங்கே உயிரோடிருக்கக் கூடும், தேடிப் பாருங்கள். 1998 இற் பொங்கல் நாளிலே தொடங்கிய மதுரைத் திட்டத்திலே சங்க நூல் முதலான பழந்தமிழ் நூல்களைப் பெறலாம். தருமபுர ஆதீனத்தாரின் தேவாரத் தளத்திலே திருமுறைகளை உரையோடு படிக்கலாம். பலவற்றைப் பாடக் கேட்கவுஞ் செய்யலாம். இம்மூன்றும் தொலைபேசியில் இருந்தால், ஒரு சிறு நூலகம் மடியிலே இருப்பதற்குச் சமம்.

இவ்வாறு பகிரும்போது சில நெறிகளை நாம் கைக்கொள்ளுதல் வேண்டும். தாம் முழுவதும் படியாத நூலையும் கேளாத பாட்டையும் பிறர்க்குச் சொல்லலாகாது. இன்று வருகின்ற செய்தி எதுவாயினும் வந்த கணமே பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். அது மெய்யோ பொய்யோ என்று ஆராய்வதில்லை. ஊருக்குள்ளே கலகம் மூட்டும் பொய்ச் செய்தி அவ்வாறே பரவுகின்றது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அயலயலே வாழும் கொட்டியாரத்திலே இதனால் வரும் தீங்கை நாம் விளக்க வேண்டியதில்லை. போகாத ஊருக்கு வழி சொன்ன பாணன் எவனும் சங்கப் பாட்டில் இல்லை. அடுத்தது, ஒரே வேளையில் இருபதைச் சொல்லாமல் ஒன்றைச் சொல்லுங்கள்; ஏன் நல்லது என்பதையும் இரண்டு வார்த்தையிற் சொல்லுங்கள். க. பொ. த. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் எழுபது வயதுப் பெரியவருக்கும் ஒரே நூலைக் கொடுத்தல் பரிவாகாது. கடைசியாக, பெரியோர்களே, இளைஞர் தாம் விரும்பிய பாட்டைக் கொண்டுவந்தால் ஒருமுறை செவிகொடுத்துக் கேளுங்கள். சினிமாப் பாட்டென்று உடனே தள்ளிவிட வேண்டாம். நாம் அவர்கள் சொல்வதைக் கேளாவிடில், நாம் சொல்வதை அவர்கள் ஏன் கேட்கப் போகிறார்கள்?

முடிக்குமுன் மிக முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பி சிதம்பரத்திலே கண்டெடுத்த வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். ஏடுகள் செல்லரித்தவை போக எஞ்சியவை கிடைத்தன. ஆனால் பண் கிடைக்கவில்லை. பண்ணை ஏட்டில் எப்படிக் காண்பது? திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியின் மிடற்றிலே அது வாழ்ந்துகொண்டிருந்தது என்றும், அவரைக் கொண்டே பண் வகுக்கப்பட்டது என்றும் திருமுறைகண்ட புராணம் சொல்கின்றது. சம்பூரிலும் அவ்வாறான மிடறுகள் உண்டு. வயல் வெட்டும்போதும் சூடு அடிக்கும்போதும் பாடிய பாட்டுக்கள், கும்மிப் பாட்டுக்கள், தாலாட்டுக்கள், பத்திரகாளி அம்பாளைப் பாடிய காவியங்கள் நமது ஆச்சிமாரிடமும் அப்பாமாரிடமும் இருக்கின்றன. இவை எந்த இணையத்திலும் இல்லை. முகாம் வாழ்விலே பாடியவர் பலரை இழந்துவிட்டோம். எஞ்சியிருப்போர் மிகச் சிலர். இன்னும் பத்தாண்டு கழித்து இதுபற்றிப் பேசினால், பேச்சு மட்டுமே மிஞ்சும்.

ஆகவே சங்கத்துக்கு எமது வேண்டுகோள் மூன்று. மாதந்தோறும் பூரணை நாளிலே கோயில் மண்டபத்திற் கூடி, ஒரு பெரியவரும் ஓர் இளைஞரும் ஆளுக்கொன்றாக நல்ல நூலையோ பாட்டையோ எடுத்துச் சொல்லட்டும்; அதனை ஒரு கொப்பியிலே எழுதி வையுங்கள். தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வோர் இளைஞனும் தன் வீட்டு ஆச்சியின் ஒரு பாட்டையேனும், அவர் சம்மதம் பெற்று, பாடியவர் யார், எந்த வேளையிற் பாடுவது என்னும் குறிப்போடு பதிவு செய்யட்டும். இந்த ஆண்டு மலரின் ஒரு பிரதியை நூலகத் தளத்தாருக்கு அனுப்பி வையுங்கள். மீண்டும் ஒருமுறை நாம் எல்லாவற்றையும் விட்டு ஓடவேண்டிய காலம் வரக்கூடாது என்று அம்பாளை வேண்டுகின்றோம். அப்படி வரினும், நமது பாட்டும் நமது எழுத்தும் நம்மோடு அழியாதிருக்க இப்போதே வழி செய்துகொள்ளலாம்.

அந்தப் பாணன் தன் பரிசிலை வழியிலே கண்டவனுக்குப் பங்கிட்டுக் கொடுத்தானில்லை. பரிசில் கிடைக்கும் இடத்தைக் காட்டினான். அதனால் அவன் பெற்றது குறையவுமில்லை, மற்றவன் வறியனாகத் திரும்பவுமில்லை.