கப்பல் யாருடையது? கணக்கு யாருடையது?

(கோவையில் இயக்கத் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே! திடலுக்கு வந்திருந்து கேட்டவர்களே! வர இயலாமல் இன்று ஏட்டினைக் கையிலேந்திப் படிப்பவர்களே!

கொங்கு நாட்டிற்குக் கடலில்லை. மேற்கே மலை, வடக்கே மலை, தெற்கே ஆனைமலை, கிழக்கே காவிரி. அலையோசை கேட்க வேண்டுமானால் கொச்சிக்குப் போக வேண்டும், அல்லது தூத்துக்குடிக்குப் போக வேண்டும். இத்தகைய ஊரிலே கப்பலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "நூல் விலை பற்றிப் பேசு, மின் கட்டணம் பற்றிப் பேசு, கப்பலுக்கும் நமக்கும் என்னய்யா தொடர்பு?" என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள்! கேட்கக் கற்றுக்கொடுத்ததுதானே நம் இயக்கம்!

நொய்யலாற்றங்கரையிலே கொடுமணல் என்றோர் ஊர். ஈரோடு மாவட்டத்திலே இருக்கிறது. அங்கே மண்ணை அகழ்ந்தார்கள். கல்மணி கடைந்த தொழிற்கூடங்கள் வெளிப்பட்டன. இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் வெளிப்பட்டன. அதே ஆற்றின் மேற்பகுதியிலே, கோவையை ஒட்டிய வெள்ளலூரிலே, ரோமாபுரி நாணயங்கள் குவியலாகக் கிடைத்தன. கடலில்லாத நாட்டிலே கடல் கடந்த காசு எப்படி வந்தது? நம் கைத்திறன் பாலக்காட்டுக் கணவாய் வழியே நடந்து, மேலைக் கடற்கரையிலே கப்பலேறிற்று. அதற்கு விலையாக வந்தது அந்தப் பொன். ஈராயிரம் ஆண்டுகளாகக் கொங்கு நாடு கடலை நம்பிப் பிழைத்த நாடு!

இன்று மட்டும் என்ன? திருப்பூரிலே பின்னும் பனியன், கோவையிலே வார்க்கும் பம்பு, பொள்ளாச்சியிலே திரிக்கும் தென்னை நார், ஈரோட்டிலே ஏலம் போகும் மஞ்சள், யாவும் கப்பலேறுகின்றன. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூருடையது. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல். நம் நூற்பாலைகளுக்கு வேண்டிய நீண்ட இழைப் பருத்தியோ, எகிப்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கப்பலேறி வருகிறது. போவதும் கப்பலில், வருவதும் கப்பலில். கப்பல் நின்றால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பு நிற்கும். இதுதான் தோழர்களே, கப்பலுக்கும் நமக்கும் உள்ள தொடர்பு!

உலக வாணிபச் சரக்கிலே, அளவால் 100-க்கு 80 பங்குக்கு மேல் கடல் வழியேதான் செல்கிறது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,200 கோடி டன். இவ்வளவு சரக்கு இவ்வளவு மலிவாகச் செல்வதற்குக் காரணம் ஓர் இரும்புப் பெட்டி. 1956 ஏப்ரல் 26-ஆம் நாள், மால்கம் மக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலிலே 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாக ஆள் தூக்கி ஏற்றினால் டன்னுக்கு ஏறத்தாழ 5 டாலர் 83 சென்ட் ஆன வேலை, பெட்டியிலே ஏற்றியபோது 16 சென்ட்டில் முடிந்தது! அன்று 58 பெட்டி; இன்றோ, 400 மீட்டர் நீளமுள்ள ஒரு கப்பல் 20 அடிப் பெட்டிகள் 24,000 சுமக்கிறது. ஊரையே தூக்கிச் செல்லும் அந்தக் கப்பலிலே வேலை செய்பவர்கள் 25 பேர் அளவில்தான்!

கல்லூரிப் படிப்பை இடையிலே விட்டவன் நான். பொருளியல் பட்டம் என்னிடமில்லை. ஆனால் கூட்டலும் வகுத்தலும் தெரியும். ஒரு பெரிய பெட்டியிலே 30,000 பனியன் அடங்குவதாக வைத்துக்கொள்வோம். பெட்டிக்கு 1,500 டாலர் கட்டணமென்றால், பனியன் ஒன்றுக்கு 5 சென்ட். வாங்குகிறவன் கண்ணுக்குக்கூடத் தெரியாத தொகை. ஆகா, எவ்வளவு மலிவு என்று வியக்கிறோம். வியந்து முடிப்பதற்குள் வந்தது 2021!

2019-இலே உலகின் பெருங்கடல் தடங்களிலே பெரிய பெட்டியின் சராசரிக் கட்டணம் 1,400 டாலர் அளவில் இருந்தது. 2021 செப்டம்பரில் அது 10,000 டாலரைத் தாண்டிற்று. 5 சென்ட் 33 சென்ட் ஆயிற்று. பனியனாவது ஓரளவு தாங்கும். பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவு தாங்குமா? எடை மிகுந்தது, இடம் அடைப்பது, விலை குறைந்தது. பெட்டி நிறைய ஏற்றினாலும் சரக்கின் மதிப்பு சில ஆயிரம் டாலர்தான். பூவைக் கொண்டு போகிற கூலி பூவின் விலையைக் காட்டிலும் மிகுமானால், பூக்காரி என்ன செய்வாள்? பெட்டி கிடைக்காமல் சரக்குக் கிடங்கிலே கிடந்தது. கடனுக்கு வட்டி மட்டும் தூங்காமல் வளர்ந்தது.

அந்தப் பணம் எங்கே போயிற்று? கொட்டிய மழை ஏதேனும் ஒரு குளத்திலே நிறைந்துதானே இருக்க வேண்டும்! டென்மார்க்கின் மெர்ஸ்க் என்ற ஒரு நிறுவனம் மட்டும் 2022-இல் ஈட்டிய இலாபம் 2,900 கோடி டாலருக்கு மேல்! உலகின் பெட்டிக் கப்பல் கொள்ளளவில் 100-க்கு 80 பங்குக்கு மேல் பத்தே பத்து நிறுவனங்களின் கையில் இருக்கிறது. சுவிட்சர்லாந்து, டென்மார்க், பிரான்சு, சீனா, ஜெர்மனி என்று அவற்றின் தலைமையகங்கள் அமைந்திருக்கின்றன. அந்தப் பட்டியலிலே இந்தியா இல்லை!

நாடகம் எழுதுபவன் என்ற முறையிலே ஒன்று சொல்வேன். நாடகம் வென்றாலும் தோற்றாலும், திரை உயருமுன்பே கொட்டகை வாடகை கொடுத்தாக வேண்டும். கொட்டகை ஒருவனுடையதாகவே இருந்துவிட்டால், அவன் கேட்டதுதான் வாடகை. நடிப்பவன் பட்டினி கிடப்பான். பாட்டெழுதியவன் பட்டினி கிடப்பான். கொட்டகைக்காரனுக்கு ஒருநாளும் பட்டினியில்லை. உலக வாணிப நாடகத்திலே நாம் நடிகர்கள், கொட்டகை பிறருடையது!

2025 செப்டம்பரில் பவநகரில் பேசிய பிரதமரே ஒரு கணக்குச் சொன்னார். அரை நூற்றாண்டுக்கு முன்பு நம் கடல் வாணிபத்தில் 100-க்கு 40 பங்கு இந்தியக் கப்பல்களில் சென்றது. இன்று 5 பங்கு. அயல்நாட்டுக் கப்பல்களுக்கு ஆண்டுதோறும் நாம் கொடுப்பது ஏறத்தாழ 6 இலட்சம் கோடி ரூபாய் என்றார். எதிர்க்கட்சி மேடையிலே எழுந்த குற்றச்சாட்டன்று இது. ஆளுவோர் வாயிலிருந்தே வந்த வாக்குமூலம்!

இதனை 120 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்ட தமிழர் ஒருவர் உண்டு. 1906 அக்டோபரில் தூத்துக்குடியிலே சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார் வ.உ.சிதம்பரனார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஒரு சீமானின் கப்பலாக அன்று, ஊரார் கப்பலாக அது ஓட வேண்டுமென்று எண்ணினார். பிரான்சிலிருந்து 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்களை வாங்கினார்கள். எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, கடைசியிலே இலவசமாக ஏற்றிச் செல்கிறோம், கையிலே ஒரு குடையும் தருகிறோம் என்றதாக வரலாறு எழுதியோர் கூறுவர். குடை கொடுத்தவன் கொடை கொடுத்தானா? போட்டியாளன் ஒழிந்தபின் குடைக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு அது!

கப்பலோடு அவர் நின்றாரா? 1908-இலே தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார். சரக்கைச் செய்பவனுக்குக் கூலியும் வேண்டும், சரக்கைச் சுமக்கும் கப்பலும் நமக்கு வேண்டும் என்று இரண்டையும் ஒருங்கே கண்டவர் அவர். கண்டதற்குப் பரிசு, அரச நிந்தனைக் குற்றம், இரட்டை ஆயுள் தண்டனை! மேல்முறையீட்டிலே தண்டனை குறைந்தது. ஆனால் 1908 முதல் 1910 வரை அவரை அடைத்து வைத்த இடம் எது தெரியுமா? நம் கோவைச் சிறை! கப்பலோட்டியவரைச் செக்கிழுக்க வைத்த ஊர் இது. அவர் சிறையிலிருக்கும்போதே, 1911-இல், கம்பெனி கலைக்கப்பட்டது, கப்பல்கள் விற்கப்பட்டன. அவர் பெயரிலே பூங்கா வைத்திருக்கிறோம், மைதானம் வைத்திருக்கிறோம்; தூத்துக்குடித் துறைமுகத்திற்கே 2011-இல் அவர் பெயரைச் சூட்டினோம். பெயர் வைத்தோம், சரி. அந்தத் துறைமுகத்திலே ஏறும் நம் பெட்டிகள் பல, சிறு கப்பலிலே கொழும்புக்குப் போய், அங்கே அயல்நாட்டுத் தாய்க்கப்பலுக்கு மாறுகின்றனவே, அதற்கு என்ன பெயர் வைப்பது?

இது முதற் கணக்கு. இரண்டாவது கணக்கொன்று உண்டு. அதனை எந்தச் சரக்குச் சீட்டிலும் எழுதமாட்டார்கள். கொங்கு நாட்டாருக்கு அதனை விளக்குவது எளிது. ஏனெனில் நாம் நொய்யலைக் கண்டவர்கள்.

பனியன் விலையிலே நூல் விலை இருந்தது, கூலி இருந்தது, கப்பல் கட்டணம் இருந்தது. சாய நீரைத் தூய்மையாக்கும் செலவு மட்டும் இல்லை. எழுதப்படாத அந்தத் தொகையை ஒரத்துப்பாளையத்து உழவன் தன் நிலத்தாலும் கிணற்றாலும் கட்டினான். பாசனத்திற்கென்று கட்டிய அணை சாயக் குட்டையாயிற்று. உழவர்கள் வழக்காடினர். 2011 ஜனவரி 28-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. முதலில் உழவன் இழந்தான்; பிறகு வேலையின்றித் தொழிலாளி இழந்தான். மலிவு என்று எண்ணியது மலிவா தோழர்களே?

ஆற்றுக்கு நேர்ந்ததுதான் கடலுக்கும் நேர்கிறது. ஆறாண்டு கழித்து, அதே ஜனவரி 28-ஆம் நாள், 2017-இலே, எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரையெங்கும் எண்ணெய்ப் படலம். விண்வெளிக்குக் கலம் அனுப்பும் நாட்டிலே, வாளியால் அள்ளினார்கள்! 2021-இலே கொழும்புக்கு அருகே 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' தீப்பற்றி மூழ்கிற்று. அது சுமந்த பிளாஸ்டிக் குருணை இலங்கையின் மேற்குக் கரையை மூடிற்று. 2025 ஜூலையில் இலங்கை உச்சநீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு கொடுக்க ஆணையிட்டது. அதே ஆண்டு மே 25-ஆம் நாள் கேரளக் கரைக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' மூழ்கிற்று. 600-க்கு மேற்பட்ட பெட்டிகள். அதன் குருணை கன்னியாகுமரிக் கரையிலும் ஒதுங்கிற்று. மணலையும் குருணையையும் பிரித்தெடுக்கச் சல்லடை பிடித்தவர் யார்? கப்பல் முதலாளியா? கரையிலே வாழ்பவர்கள்!

குற்றவாளியைத் தேடினால் கிடைக்கிறானா? 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயை ஆறு நாள் அடைத்துக்கொண்ட 'எவர் கிவன்' கப்பலைப் பாருங்கள். உடைமை ஜப்பானியருடையது, நடத்துவது தைவான் நிறுவனம், பறப்பது பனாமா நாட்டுக் கொடி, உழைத்த மாலுமிகள் இந்தியர். உலகக் கப்பல்களின் கொள்ளளவில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்று நாடுகளின் கொடியிலே ஓடுகிறது. அந்த முதலாளிகளெல்லாம் அங்கே பிறந்தவர்களா? வரியும் சட்டமும் அங்கே இலேசு. ஆகவே கொடியை வாடகைக்கு எடுக்கிறார்கள்!

கப்பலே வேண்டாம் என்று சொல்ல வந்தவனல்லன் நான். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல, லாரியைவிடக் கப்பல் கக்கும் புகை மிகமிகக் குறைவு. திருப்பூரிலிருந்து துறைமுகம் வரை சாலையிலே செல்லும் பெட்டியை ரயிலேற்றினாலே பெரு நன்மை உண்டு. ஆயினும், சிறுதுளி பெருவெள்ளம். உலகம் கக்கும் வெப்பப் புகையிலே 100-க்கு 3 பங்கு அளவு கப்பல்களுடையது. ஆண்டுக்கு 100 கோடி டன்னுக்கு மேல். கப்பல் எரிபொருளிலே கந்தகம் 100-க்கு 3.5 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த விதி, 2020 ஜனவரி முதல் 0.5 பங்காகச் சுருங்கிற்று. நல்லது. உடனே பல கப்பல்கள் என்ன செய்தன? பழைய எண்ணெயையே எரித்து, புகையை நீரால் கழுவி, கழுவிய நீரைக் கடலிலே விடும் கருவியைப் பொருத்திக்கொண்டன. சாயப்பட்டறை மூளை எல்லா நாட்டிலும் ஒரே மூளைதான்! புகைக்கு விலை வைக்கும் திட்டமொன்றை 2025 ஏப்ரலில் இலண்டனிலே உலக நாடுகள் வகுத்தன. அக்டோபரில் கூடியபோது, அமெரிக்காவின் அழுத்தத்திற்கிடையே, முடிவை ஓராண்டு தள்ளிவைத்தன.

அந்த விலை என்றேனும் வந்தே தீரும். வரும்போது யார் கட்டுவது? கட்டணத்தை எழுதும் பேனா பிறர் கையில் இருக்குமட்டும், அதுவும் திருப்பூர்ச் சீட்டிலேதான் ஏறும். அங்கிருந்து தையற்காரியின் கூலியிலே இறங்கும். ஆகவேதான் இரண்டு கணக்கையும் ஒன்றாகக் கேட்கச் சொல்கிறேன். கப்பலும் பெருந்துறைமுகமும் அரசியல் சட்டத்தின்படி மத்திய அரசின் பட்டியலில் உள்ளவை. சரக்கு நம்முடையது, கரை நம்முடையது, கறை நம்முடையது. முடிவு மட்டும் டெல்லியுடையது! 2025 செப்டம்பரில் கப்பல் கட்டும் தொழிலுக்கென மத்திய அமைச்சரவை 69,725 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. வரவேற்போம். அதிலே தூத்துக்குடிக்கு எவ்வளவு என்று கேட்போம். அங்கே மிதக்கவிருக்கும் கப்பல் தூய எரிபொருளிலே ஓடுமா என்று கேட்போம். நம் பெட்டி நேரே தாய்க்கப்பல் ஏறும் நாள் எது என்று கேட்போம். கடலிலே கறை படிந்தால், மீனவன் வலையை விரிக்குமுன் இழப்பீடு அவன் வாசலுக்கு வருமா என்று கேட்போம்.

தோழர்களே! அடுத்த வாரம் கிளைக் கூட்டம் கூடும்போது ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர்ப் பனியன் கம்பெனியிலோ நார் ஆலையிலோ வேலை செய்யும் தோழர் ஒருவரை அழையுங்கள். பெட்டி எந்தத் துறைமுகத்திற்குப் போகிறது, எந்த நாட்டுக் கப்பல், எவ்வளவு கூலி என்று கேட்டுக் கரும்பலகையிலே எழுதுங்கள். ஊருக்கு ஊர் அந்தப் பலகை எழுந்தால், மாவட்டத்திற்கு ஒரு கணக்கு கிடைக்கும். கணக்கு கையிலிருந்தால் மன்றத்திலே நம் உறுப்பினர்களின் குரலுக்கு வலுக் கிடைக்கும். 25 ரூபாய்ப் பங்காக ஊராரிடம் திரட்டிக் கப்பல் வாங்கியவர்கள் வாழ்ந்த நாடு இது. நம்மிடம் இன்று கேட்பது பணமன்று, கேள்வி. கடலில்லாத ஊரான் கடலின் கணக்கைக் கேட்கிறான் என்று டெல்லியும் அறியட்டும், கப்பல் முதலாளிகளும் அறியட்டும்!