மகளிர்க்கு ஏற்ற மிதவைச் சட்டை

அந்தமானிலும் முருடேசுவரத்திலும் கோவாவிலும் வாழும் நம்மவர்க்குக் கடலில் மூழ்கிப் பார்க்கும் வாய்ப்பு வீட்டருகிலேயே இருக்கிறது. மூழ்க விரும்பும் சகோதரிகள் முதலில் கவனிக்க வேண்டியது மிதவைச் சட்டை.

சிலிண்டரை முதுகோடு பிணைப்பதும், காற்றை ஏற்றி இறக்கி உடலை மிதக்கவோ அமிழவோ செய்வதும் அச்சட்டையின் பணி. அதிலுள்ள காற்று 10 மீட்டர் ஆழத்தில் பாதியாகச் சுருங்கும். மேலே வருகையில் விரியும். சட்டை தொளதொளவென்றிருந்தால் சிலிண்டர் முதுகில் புரளும்.

பெண்களின் முதுகு பெரும்பாலும் குட்டை. ஆடவர் சட்டையோ இடுப்புக்குக் கீழிறங்கி எடைப்பட்டையை மூடிக்கொள்ளும். அவசரத்தில் அதைக் கழற்றக் கை போகாது. நீர்மட்டத்தில் காற்றை நிரப்பியதும் சட்டை மட்டும் மேலே கிளம்பி மோவாயை இடிக்கும். அணிந்தவர் கீழேயே தங்கிவிடுவார். களைத்த வேளையில் இது பெரிய இடர்.

வாடகைக் கடையில் ‘சின்ன அளவு’ என்று நீட்டுவதை நம்பிவிடாதீர்கள். சின்ன ஆடவர் சட்டை மகளிர் சட்டை ஆகிவிடாது! ரப்பர் உடையின்மேல் அணிந்து, வார்களை இறுக்கி, காற்றை முழுதும் நிரப்புங்கள். மூச்சு தாராளமாக வருகிறதா? தோழி ஒருத்தி தோள்வாரைப் பற்றித் தூக்கினால் சட்டை காதுவரை ஏறுகிறதா? ஏறினால் வேறு கேளுங்கள். மார்பின் ஓரமாக வளைந்து செல்லும் தோள்வாரே மகளிர்க்கு உகந்தது. முதுகுப்புறம் மட்டும் காற்று நிரம்பும் வகை மார்பை நெருக்காது. ஆனால் நீர்மட்டத்தில் முகத்தை முன்னே தள்ளப் பார்க்கும். சற்றே பின்சாய்ந்து கொள்ளலாம். காற்றை வெளியேற்றும் வால்வின் கயிறு கைக்கு எட்டுகிறதா என்பதையும் கரையிலேயே பார்த்துவிடுங்கள்.